மூன்று வரிசைக் கிடாரங்கள்

போன மாசம் மாத்தளையில் சுயதொழில் தொடங்கப்போகும் பிள்ளைகளுக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். டவுனிலிருந்தும் பல்லேபொலப் பக்கமிருந்தும் நிறையப் பேர் வந்திருந்தார்கள். என்னையும் மேடையில் ஏற்றினார்கள். "கல்யாணச் சாமான் வாடகைக் கடை ஒன்று இரண்டு விளக்கோடு தொடங்கி லொறி லொறியாக வளர்ந்ததைக் கூடவே இருந்து பார்த்தவர்" என்று மைக்கில் சொன்னார்கள். கேட்க எனக்கே நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் பேசப் பத்து நிமிஷம் என்றார்கள். பத்து நிமிஷத்தில் நான் வணக்கம் சொல்லி, மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுக்கவே சரியாகிவிடும்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி முதலீடு, விளம்பரம், வாடிக்கையாளர் திருப்தி என்று பலகையில் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டினார். குறை சொல்ல மாட்டேன், நன்றாகப் பேசினார். கடைசியில் ஒரு பெண்பிள்ளை எழும்பி என்னைப் பார்த்து, "ஐயா, உங்க கடை எதனால வளந்துச்சு? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றது. எனக்குப் பதில் தெரியாமல் இல்லை. தெரிந்த பதில் இன்னொருத்தர் வீட்டுக் கல்யாணத்தோடு பின்னிக் கிடந்தது. அதனால் "நேர்மை, மகள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். நேர்மை என்று சொன்னால் யார்தான் கைதட்ட மாட்டார்கள்? சர்க்கரை என்று எழுதி நக்கச் சொன்னது மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முதலாளியை ஹனீபா என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத்தளையிலேயே தலைமுறை தலைமுறையாக இருந்த முஸ்லிம் குடும்பம். வாப்பாவிடம் பழகிய தொழில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது. செம்பு, பித்தளைப் பாத்திரங்களுக்கு உள்ளே ஈயம் பூசாவிட்டால் புளி பட்டதும் களிம்பு ஏறும். சாப்பிட்டவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஆகவே துருத்தியையும் கரிமூட்டையையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். போன இடத்திலெல்லாம் ஒரே காட்சியைத்தான் கண்டார். கல்யாணம் என்றால் சோறு வடிக்கப் பெரிய கிடாரத்துக்கு ஆட்கள் அலைகிறார்கள். ஒன்று கோயிலில் கிடக்கும், ஒன்று பள்ளிவாசலில் கிடக்கும், ஒன்று தோட்டத்துப் பெரிய கங்காணி வீட்டில் கிடக்கும். கங்காணி வீட்டில் இரவல் வாங்கினால் ஆறு மாசத்துக்கு அவருக்கு முன்னால் தோளில் துண்டு போட முடியாது.

"இரவல் கேக்கிறவன் குனிஞ்சு நிக்கிறான் வேலு. வாடகை குடுக்கிறவன் நிமிந்து நிக்கிறான். நான் வாடகைக்கு விட்டது பாத்திரத்த இல்ல, அந்த நிமிர்வத்தான்" என்று பின்னாளில் என்னிடம் சொல்வார். இரண்டு பெற்றோமாக்ஸ் விளக்கும் ஏலத்தில் எடுத்த ஒரு பழைய கிடாரமும்தான் அவர் போட்ட முதல். கடைக்குப் பெயர்ப்பலகைகூட இல்லை. வாசலில் அந்தக் கிடாரத்தைக் கவிழ்த்து வைப்பார், அதுதான் பலகை.

நான் சேர்ந்தது ஐம்பதுகளின் தொடக்கத்தில். மாத்தளைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த கையோடு எங்களுக்குக் கிடைத்தது 'நாடற்றவர்' என்ற பட்டம். பிரஜாவுரிமைக் கடுதாசி இல்லாதவனை வேலைக்கு எடுக்க ஆட்கள் யோசித்த காலம். முதலாளி கடுதாசி எதையும் கேட்கவில்லை. "கிடாரத்தத் தூக்கத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "மெதுவா கீழ வைக்கத் தெரியுமா?" என்றார். அதற்கும் தலையாட்டினேன். தெரியாது என்று முதல் வாரமே அவருக்குத் தெரிந்துபோனது, ஆனாலும் அனுப்பிவிடவில்லை. முதல் இரண்டு வருஷமும் சாம்பல், புளி, தேங்காய்மட்டை, கிணற்றடி. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கை வெந்தது, கை பழகியது.

முதலாளியின் கோபம் வித்தியாசமானது. குரல் உயராது, மரியாதைதான் உயரும். சாதாரண நாளில் "வேலு". கொஞ்சம் பிழை விட்டால் "வேலாயுதம்". "வேலாயுதம் ஐயா, இப்பிடி ஒருக்கா வந்துட்டுப் போறீங்களா?" என்றாரோ, தொலைந்தேன்! கிடாரத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் போலிருக்கும்.

ஈயம் பூசும்போது மட்டும் யாரோடும் பேச மாட்டார். கிடாரத்தைக் கரி நெருப்பில் சரித்து வைத்துச் சுழற்றிச் சுழற்றிச் சூடேற்றுவார். சூடு போதுமா என்று பார்க்க ஈயக்கட்டியை உரசிப் பார்ப்பார். அது வெண்ணெய் மாதிரி இழுபட வேண்டும். அந்த நொடியில் நவச்சாரத்தூளை ஒரு சிட்டிகை தூவினால் வெள்ளைப் புகை குபீரென்று எழும்பும். புகை அடங்குவதற்குள் பஞ்சால் ஒரே இழுப்பு. கறுத்துக் கிடந்த உட்பக்கம் நிலாவெளிச்சம் பட்டதுபோல் பளிச்சென்று ஆகும். இருபது வருஷப் பாத்திரம் நேற்றுத்தான் கடையில் வாங்கியதுபோல் இருக்கும். அவர் கை அப்படி. அந்தக் கைத்திறமையே ஒருநாள் எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது என்பதுதான் நான் சொல்ல வந்த கதை.

அதற்கு முன்னால் மூன்று வரிசையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் வாடகைப் பாத்திரக் கடை நடத்துவது சும்மா இல்லை. கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்த கிடாரத்தில் இறைச்சி பட்டிருக்கக் கூடாது. பள்ளிவாசல் கந்தூரி விருந்துக்குக் கொடுத்ததில் பன்றி பட்டிருக்கக் கூடாது. சிங்களக் கல்யாணத்துக்கும் தோட்டத்து விருந்துக்கும் கொடுத்தால் அங்கே எதைச் சமைப்பார்கள் என்று நாம் சொல்ல முடியாது. முதலாளி மூன்று வரிசையாகப் பிரித்தார். முதல் வரிசை சைவம். கிடாரத்தின் விளிம்பில் அரத்தால் ஒரு வெட்டு. இரண்டாவது முஸ்லிம் வீடுகளுக்கு, இரண்டு வெட்டு. மூன்றாவது மற்ற எல்லாருக்கும், மூன்று வெட்டு. அந்த மூன்றாம் வரிசையில் என்ன சமைத்தார்கள் என்று முதலாளி கேட்கவும் மாட்டார், யாராவது சொல்ல வந்தால் காதில் போட்டுக்கொள்ளவும் மாட்டார். வரிசைக்கு வரிசை அகப்பை வேறு, தேய்க்கும் மட்டை வேறு, துடைக்கும் துணியும் வேறு.

"ஒரு கிடாரம் வாங்க வேண்டிய இடத்துல மூணு வாங்குறானே, பைத்தியம்" என்று சொந்தக்காரர்களே சிரித்தார்கள். அடுத்த தெருவில் ஒருத்தர் அலுமினியப் பாத்திரத்தோடு கடை போட்டார். எல்லாருக்கும் ஒரே சட்டி, வாடகையும் குறைவு. எனக்குப் பயமாக இருந்தது. முதலாளி அசையவில்லை. "அவர்ட பாத்திரத்த ஆக்கள் கழுவிட்டுச் சமைப்பாங்க. நம்மட பாத்திரத்துல சமைச்சிட்டுக் கழுவுவாங்க. பார்த்துக்கொண்டிரு" என்றார். அப்படித்தான் நடந்தது. அம்மன் கோயில் தேர் நாட்களில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்கள் முஸ்லிம் கடைக்கு வந்து கண்ணை மூடிக்கொண்டு கிடாரம் எடுத்துப் போனார்கள்.

இன்னொரு சட்டமும் இருந்தது. பாத்திரம் இறங்கலாம், ஏற ஏலாது. புதிதாக வாங்கும் கிடாரம் முதலில் சைவ வரிசைக்குத்தான் போகும், ஒரு வெட்டு விழும். பழசானால் கீழ் வரிசைக்கு இறங்கும். கீழே போனது ஒருநாளும் மேலே வரக் கூடாது. ஆகவே கடைக்குள் வெட்டே இல்லாத கிடாரம் ஒன்று இருந்தால் அது புதுசு என்று அர்த்தம்.

கடை கொஞ்சம் பெருத்ததும் பல்லேபொலையிலிருந்து பியதாச என்ற சிங்களப் பையன் வேலைக்கு வந்தான். என்னைவிட இரண்டு வயது இளையவன். தங்கமான பிள்ளை. ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்வான், அதில் ஒரு இம்மி கூடாது, குறையாது. சாமான் திருப்பிக் கொண்டுவருகிறவர்களிடம் 'மறுபடியும் வாங்க' என்று சொல்லி அனுப்ப வேண்டும் என்று முதலாளி சொல்லிக்கொடுத்தார். மறுநாளே மரண வீட்டுக்குப் போன நாற்காலிகளைத் திருப்பிக் கொண்டுவந்த மனுஷனிடம் பியதாச பல் தெரியச் சிரித்து, "அண்ணே, அடிக்கடி வாங்க" என்றான். அந்த மனுஷன் தகப்பனைப் புதைத்துவிட்டு வந்தவர்! முதலாளி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். திரும்பி வந்து, "பியதாச மாத்தயா, கொஞ்சம் உள்ளுக்கு வாரீங்களா?" என்றார். சிங்களத்தில் 'ஐயா' என்பதுதான் மாத்தயா. நான் கிடாரத்துக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

இனி சிவசம்பு ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், மாத்தளையில் அரசாங்கக் கந்தோரில் பெரிய கிளாக்கர். காலையில் திருநீறு பூசாமல் வெற்றிலைகூடப் போட மாட்டார். மூத்த மகளுக்கு ஊரில் கல்யாணம் செய்யத்தான் நினைத்திருந்தார். மனைவி நடக்க முடியாமல் படுக்கையில் கிடந்தார், பயணம் செய்ய முடியாது. அதனால் மாத்தளையிலேயே, அரசாங்கக் குவார்ட்டஸ் வளவில் தகரப் பந்தல் போட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் அவரைவிட ஆசாரம் கூடியவர்கள். ஐயா எங்கள் கடைக்கு நேரில் வந்து சைவ வரிசையை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "ஹனீபா, உம்மை நம்பித்தான் அவையளுக்கு வாக்குக் குடுக்கிறன்" என்றார். "என்ட வாக்கும் அதுதான் ஐயா" என்றார் முதலாளி.

அந்தக் கல்யாண வாரத்தில்தான் அது நடந்தது. வில்கமுவப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போன மூன்றாம் வரிசைக் கிடாரம் ஒன்று லொறியில் உருண்டு விளிம்பு கிழிந்து வந்தது. காட்டுப்பன்றிக் கறி வைத்த கிடாரம் என்று லொறிக்காரன் என்னிடம் சொல்லியிருந்தான். மார்க்கத்தில் சொன்னபடி மண்போட்டு ஏழு தரம் கழுவிய பிறகு முதலாளி அதைக் கையில் எடுத்தார். வெள்ளிக்கிழமை காலை, கிழிந்த விளிம்பைச் சுற்றிவர வெட்டி எடுத்துவிட்டு, புது விளிம்பு மடித்துத் தட்டி, உள்ளே ஈயம் பூசி முடித்தார். வெட்டி எடுத்த விளிம்போடு அந்த மூன்று வெட்டும் போய்விட்டன. திரும்ப வெட்டுவதற்குள் ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. ஆற வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனார். நான் லொறியோடு வெளியே போயிருந்தேன். ஊரில் வயல் அறுவடைக்குப் போயிருந்த பியதாச அந்த நேரம் பார்த்துத் திரும்பி வந்தான். முற்றத்தில் பளபளவென்று ஒரு கிடாரம். விளிம்பில் வெட்டு இல்லை. வெட்டு இல்லாதது புதுசு, புதுசு சைவத்துக்கு. அரத்தை எடுத்து அழகாக ஒரு வெட்டுப் போட்டு முதல் வரிசையில் அடுக்கிவிட்டான். பள்ளியிலிருந்து வந்த முதலாளி, நான்தான் மூன்று வெட்டுப் போட்டு உள்ளே அடுக்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை அது சிவசம்பு ஐயா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பல்லேபொலையில் ஒரு வீட்டுக்கு மூன்றாம் வரிசைக் கிடாரங்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒன்று குறைந்தது. "பியதாச, முதலாளி விளிம்பு கட்டின கிடாரம் எங்க?" என்று கேட்டேன். "விளிம்பு கட்டினதா? நான் காணல்ல. புதுசு ஒண்ணுதான் கிடந்துச்சு. வெட்டுப் போட்டு வச்சேனே" என்றான். சொல்லி முடிக்குமுன் அவனுக்கே விளங்கிவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை. பின்னால் முதலாளி பிளேன்டீக் கோப்பையோடு நின்றார். கோப்பையை மெதுவாகத் தட்டில் வைத்தார். யாரையும் ஏசவில்லை. "லொறியில் ஒரு வெட்டுக் கிடாரம் ரெண்டு ஏத்து வேலு" என்றார், அவ்வளவுதான்.

வழியில் செட்டியார் கடையின் பின்கதவைத் தட்டி நல்ல சம்பா அரிசி மூட்டைகளையும் ஏற்றினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கிற முகமாக அது இல்லை.

கல்யாண வீட்டில் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கொல்லைப்புறம் அடுப்பு எரிந்தது. அந்தக் கிடாரத்தில் முதல் உலை வெந்து முடிந்து, வாய்க்கு வேட்டி கட்டி, கஞ்சி வடிவதற்காக ஒரு பக்கம் கல் கொடுத்துச் சரித்து வைத்திருந்தார்கள். முதலாளி சிவசம்பு ஐயாவைத் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் கூட்டிப்போனார். நானும் பின்னாலேயே போனேன். ஒளிக்காமல், கூட்டாமல், குறைக்காமல் நடந்ததைச் சொன்னார்.

ஐயாவின் முகத்தில் இரத்தம் வற்றிப்போனது. "சிவசிவா" என்றார். பிறகு, "ஆருக்கு இது தெரியும்?" என்றார்.

"எனக்கு, வேலுவுக்கு, கடையில பியதாசவுக்கு. இப்ப உங்களுக்கு."

"உள்ளுக்கை மாப்பிள்ளையின்ர தாய் தேப்பன் இருக்கினம். முஸ்லிம் கடைப் பாத்திரமோ எண்டு முந்தநாளே முகத்தைச் சுழிச்சவை. நான்தான் கண்ணாலை பாத்தனான் எண்டு சொல்லி வாயடைச்சனான். இதைச் சொன்னால் அவை எழும்பிப் போயிடுவினம் ஹனீபா. என்ர பிள்ளையின்ர கழுத்தில இன்னும் தாலி ஏறேல்லை." பந்தல் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டார். "ஏன் வந்து சொன்னனீர்? சொல்லாமல் விட்டிருக்கலாமே!"

"எனக்கு அது கழுவின பாத்திரம் ஐயா. உங்களுக்கு அப்பிடி இல்ல. உங்கட சோத்துல உங்களுக்குத் தெரியாம ஒரு விஷயத்த மறைச்சு வைக்க எனக்கு ஏலாது."

"ஒண்டும் செய்யாதேயும். ஆரோடையும் கதையாதேயும். போம்" என்றார் ஐயா. சொல்லிவிட்டு அந்தக் கிடாரத்தைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சொன்னால் மகள் வாழ்க்கை போகிறது. சொல்லாவிட்டால் வந்த சனத்துக்கெல்லாம் தன் கையால் அந்தச் சோற்றைப் படைக்க வேண்டும், தானும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவருக்கு இரண்டும் முடியாது. எனக்கு அழுகை வந்தது.

"நான் யாருக்கும் சொல்ல மாட்டேன் ஐயா. நீங்க மணவறைக்குப் போங்க" என்றார் முதலாளி.

லொறிக்கு வந்து, வெறுங்கிடாரம் ஒன்றின் காதில் கயிறு கட்டிக் காவுதடியில் தொங்கவிட்டோம். முன்னால் அவர், பின்னால் நான். "தண்ணிக்கு இன்னொரு கிடாரம்" என்று சமையற்காரரிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டு அடுப்பங்கரைக்குள் நுழைந்தார். சரித்து வைத்த சோற்றுக் கிடாரத்தை நெருங்கும்போது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கல்லப் பார்த்து ஆட்டு வேலு" என்றார். எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. ஆட்டினேன். தொங்கிய கிடாரம் போய் முட்டுக்கல்லில் மோதியது. கல் விலகியது. சோற்றுக் கிடாரம் ஒரு சுற்றுச் சுற்றி, கட்டு அவிழ்ந்து, வெள்ளைச் சோறு முழுவதும் மண்ணில் சரிந்து வடிகானுக்குள் போனது. கொதிக்கிற கஞ்சி முதலாளியின் காலில் பாய்ந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

ஐயோ, அந்தக் கூச்சல்! சமையற்காரர் தலையில் அடித்துக்கொண்டார். மாப்பிள்ளையின் மாமன்காரர் ஓடிவந்து, "கண் தெரியாதோ உனக்கு? கலியாண வீட்டில அன்னத்தைக் கொட்டிப்போட்டியே, மூதேவி!" என்று கத்தினார். பெண்கள் அபசகுனம் என்று கிசுகிசுத்தார்கள். நல்ல காலம், கல்யாணம் நடத்த வந்த ஐயர் வயசானவர், அனுபவசாலி. "முதல் பந்தி பூமாதேவிக்குப் போயிட்டுது. இனி இந்த வீட்டில் அன்னத்துக்குக் குறை வராது" என்று சொல்லிச் சமாளித்தார். சனம் கொஞ்சம் அடங்கியது. எல்லார் கண்ணும் சிவசம்பு ஐயா மேல் திரும்பியது. அவர் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"உமக்கு ஒரு வேலை ஒழுங்காய்ச் செய்யத் தெரியாதோ, ஹனீபா?" என்றார்.

"பிழைதான் ஐயா. மன்னிச்சுக்கொள்ளுங்க. அரிசி நான் கொண்டுவந்து தாறேன், பாத்திரமும் தாறேன். நேரத்துக்குப் பந்தி போடலாம்" என்று சபைக்கு முன்னால் தலைகுனிந்து நின்றார் என் முதலாளி. வாழ்நாளில் ஒரு கிடாரத்தை 'டங்'கென்று கீழே வைக்காத மனுஷன்! எனக்கு அந்த மாமன்காரரின் சட்டையைப் பிடித்து உண்மையைச் சொல்லிவிடலாமா என்றிருந்தது. முதலாளி என்னைப் பார்த்து, "வேலாயுதம் ஐயா, அரிசிய இறக்குறீங்களா?" என்றார். வாயை மூடிக்கொண்டு இறக்கினேன்.

ஒரு வெட்டுக் கிடாரங்களில் புது உலை ஏறியது. தாலி கட்டி முடிய, சோறும் வெந்து முடிந்தது. பந்தி கொஞ்சம் பிந்தியது, அவ்வளவுதான். கொட்டின சோற்றை மாட்டுக்கு அள்ளிப் போட்டு, அந்தக் கிடாரத்தை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம். முதலாளியின் காலில் கொப்புளம் பலாச்சுளை மாதிரி கிடந்தது. வழியில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "அந்தப் பிள்ள பேரப்பிள்ள எடுக்கும்வரைக்கும் இத நீ யாருக்கும் சொல்லக் கூடாது." அந்தப் பிள்ளை இப்போது பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறது என்று கேள்வி. ஆகவேதான் எழுதுகிறேன்.

கடைக்கு வந்தால் பியதாச துணிமணியைக் கட்டி வைத்துக்கொண்டு அழுதபடி நின்றான். "எங்க போற? நீ சட்டப்படிதான் செஞ்சிருக்கிற. சட்டத்துலதான் ஓட்ட இருக்கு" என்றார் முதலாளி. மறுநாளே அந்த ஓட்டையை அடைத்தார். விளிம்பில் வெட்டுவதை விட்டுவிட்டு, கிடாரத்தின் காதுக்குக் கீழே ஆணி அறைந்து அடையாளம் போட்டார். அதை வெட்டவும் முடியாது, தேய்க்கவும் முடியாது. பழுது பார்க்கிற பாத்திரத்தின் காதில் சிவப்புத் துணி கட்டச் சொன்னார். அவர் கையால் அவிழ்க்கும்வரை அது எந்த வரிசைக்கும் போகக் கூடாது. முதலீடு, விளம்பரம் என்று பேசிய அந்தத் தம்பிக்கு இதையும் பலகையில் எழுதச் சொல்லியிருக்கலாம்: பிழை விட்ட ஆளைத் தேடாதே, பிழை நுழைந்த வழியைத் தேடு.

ஆனால் உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா? 'சோறு கொட்டின ஹனீபா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சந்தைக்குப் போனால், "என்ன வேலு, இண்டைக்கு எந்த வீட்டுச் சோத்தக் கொட்டப் போறீங்க?" என்பார்கள். அடுத்த தெரு அலுமினியக் கடைக்காரருக்குக் கொண்டாட்டம். கந்தோர்த் தமிழ் ஆட்கள் ஒருத்தரும் வரவில்லை. சைவ வரிசை அப்படியே தூங்கியது. முதலாளி வாரத்துக்கு ஒருதரம் அதை எடுத்துத் துடைத்துத் திரும்ப அடுக்குவார். எனக்குப் பொறுக்கவில்லை. "நம்ம மேல பிழை இல்லைன்னு ஒருத்தர்கிட்டயாவது சொன்னா என்ன முதலாளி?" என்று கேட்டே விட்டேன். "சொன்னா கடை பிழைக்கும். அந்தப் பிள்ள?" என்றார். சிவசம்பு ஐயா மீதுதான் எனக்குக் கோபம். தெருவில் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போவார். இப்படியும் ஒரு மனுஷனா என்று மனசுக்குள் திட்டுவேன்.

மழை முடிந்து கல்யாண மாசம் பிறந்தது. ஒருநாள் காலை, கந்தோரில் புதிதாக வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தினார். தங்கச்சிக்குக் கல்யாணம், சைவச் சமையல், கிடாரம் வேணும் என்றார். நான் ஆச்சரியத்தில், "தம்பி, எங்க கடையப் பத்தி ஊர்ல ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டுவிட்டேன்.

"சொன்னவைதான்" என்று சிரித்தார். "சிவசம்பு ஐயாட்டைக் கேட்டனான். கந்தோரில ஆர் கேட்டாலும் அவர் இந்தக் கடையைத்தான் சொல்லுறார். எனக்கு முந்திக் கேட்ட ரெண்டு பேரும் நாளைக்கு வருவினம். நான் விடேல்லை. 'ஐயா, உங்கட மகளின்ர கலியாணத்தில சோறு கொட்டின ஆளிட்டையோ போகச் சொல்லுறியள்?' எண்டு கேட்டன்."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"'ஓம், அவரிட்டைத்தான். அவர் சோறு கொட்டினவர், அதாலதான் அவரிட்டைப் போகச் சொல்லுறன்' எண்டார். சொல்லேக்கை கண்ணெல்லாம் கலங்கிப்போச்சுது. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. உங்களுக்கு விளங்குதோ அண்ணை?"

நான் திரும்பி முதலாளியைப் பார்த்தேன். அவர் நெருப்புக்கு முன்னால் குனிந்து கிடாரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது. ஈயம் உருகி வழிந்துகொண்டே இருந்தது, அவர் துடைக்கவில்லை.

"எத்தன கிடாரம் வேணும்னு தம்பிகிட்ட கேளு வேலு" என்றார், தலையைத் தூக்காமலே.